ஓலை, மெழுகு, கணனி

புலம்பெயர்ந்த எம்மவரிடையே உலோகச் சிற்பம் என்றால் அது ஊர்ப்பக்கமிருந்து வந்து சேரவேண்டிய ஒரு பொருள். கோயில் விக்கிரகமோ, வரவேற்பறையில் வைக்கும் சிறிய நடராசரோ, அது சுவாமிமலைப் பக்கத்தில் வார்க்கப்பட்டு, பெட்டியில் பொதியப்பட்டுக் கடல் கடந்து வரும். இங்கு அதை வாங்கலாம், பிரதிஷ்டை செய்யலாம், தேரில் ஏற்றி வீதிவலம் கொண்டுபோகலாம். செய்வது மட்டும் இங்கு நடக்காது என்பது எங்களுக்குள் எழுதப்படாத ஒரு தீர்மானம். அந்த மண் இங்கில்லை, அந்தக் கை இங்கில்லை, அந்தப் பரம்பரை இங்கில்லை என்று காரணங்கள் சொல்லப்படும்.

இந்தத் தீர்மானம் இனியும் செல்லுமா என்பதே கேள்வி. கிழக்கு இலண்டனின் புகையிரதப் பாதையோரம், மனோர் பார்க், இல்போர்ட், செவன் கிங்ஸ், குட்மேய்ஸ் என்று எம்மவர் செறிந்து வாழும் இடங்களில், வீட்டுக்குப் பின்னால் ஒரு நீண்ட வளவும் வளவின் கோடியில் ஒரு கொட்டிலும் இருப்பது வழமை. அந்தக் கொட்டிலில் ஒரு கணனி, ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி, ஒரு சூளை, உலோகம் உருக்க ஒரு சிறு மின்னுலை ஆகியவை இருந்தால், ஒரு சாண் உயர வெண்கல உருவமொன்றை ஒருவர் தாமே வரைந்து தாமே வார்த்தெடுக்க முடியும். இந்த முறையில் சிறு சிற்பமும் நகையும் செய்வோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருகிவிட்டனர்.

இதைக் கேட்டதும் எம்மவர் இரண்டாகப் பிரிந்துவிடுவர். கணனி வந்துவிட்டது, இனி ஸ்தபதி எதற்கு என்பது ஒரு பக்கம். எந்திரம் செய்வது சிற்பமே ஆகாது என்பது மறுபக்கம். இரண்டுமே தொழிலின் வரலாற்றைப் பாராமல் சொல்லப்படுபவை. கணனி எந்த வேலையை எடுத்துக்கொண்டது, எந்த வேலையை எம்மிடம் விட்டுவைத்திருக்கிறது என்று படிப்படியாகப் பார்த்தால்தான் விடயம் விளங்கும்.

ஓலையில் மடித்த அளவு

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சுவாமிமலையில் வார்ப்பு வேலை பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்த பட்டறைகளிலேயே நடந்துவந்திருக்கிறது. காவிரியின் வண்டல் மண் அங்கே கையெட்டும் தூரத்தில். அச்சுக்கு வேண்டிய முதற் பொருளே அந்த மண்தான்.

வேலை உலோகத்தில் தொடங்குவதில்லை. ஒரு தென்னோலைக் கீற்றில் தொடங்குகிறது. செய்யப்போகும் உருவத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதைச் சாத்திரம் சொல்லும் பங்குகளாக மடிப்பார்கள். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று மடிப்புகளே அளவுகோலாகிவிடும். இந்தப் பங்கீட்டுக்குத் தாளம் என்று பெயர். உத்தம தச தாளத்தில் உருவத்தின் உயரம் 124 அங்குலப் பங்குகளாகக் கணக்கிடப்படும். இந்த அங்குலம் இங்கிலாந்தின் அங்குலம் போல நிலையான ஒன்றல்ல. உருவம் பெரிதானால் அங்குலமும் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும். ஓரடி விக்கிரகத்துக்கும் ஐந்தடி விக்கிரகத்துக்கும் ஒரே கணக்கு, வேறு வேறு ஓலை. எந்த அளவுக்கும் கூட்டிக் குறைக்கக்கூடிய உருவம் என்ற கருத்தைக் கணனி கொண்டுவந்ததாக நினைப்போர் இந்த ஓலையை நினைவில் வைப்பது நல்லது.

அதன்பின் மெழுகு. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, கை, கால், தலை, உடல் என்று தனித்தனியாகச் செய்து சூடான கருவியால் ஒட்டுவார்கள். ஆடையின் மடிப்பும் அணியும் மெழுகிலேயே வரும். பின்னர் உருவத்தின்மீது நுண்ணிய வண்டல் மண் பூச்சு, அது நிழலில் காய்ந்தபின் இன்னொரு பூச்சு, அதன்மேல் மணல் கலந்த தடித்த பூச்சு, பெரிய உருவமானால் இரும்புக் கம்பிக் கட்டு. அச்சைச் சூடாக்க மெழுகு உருகி வெளியேறும். அது இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகம் இறங்கும். ஆறியபின் மண்ணை உடைக்கவேண்டும். மெழுகும் போய்விட்டது, அச்சும் போய்விட்டது. மிஞ்சுவது ஒரேயொரு உருவம். அது பழுதானால் மீண்டும் ஓலையிலிருந்து தொடங்கவேண்டியதுதான்.

இதில் இரண்டு அறிவுகள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று அளவு. அதை ஓலையில் மடிக்கலாம், சுவடியில் எழுதலாம், இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். மற்றது கை. மெழுகு எந்தச் சூட்டில் வளையும், மண் எப்போது காய்ந்தது, உலோகம் எந்த நிறத்தில் ஊற்றத் தயார் என்பதைக் கண்ணும் விரலும் அறியும். அதை எழுதிவைக்க முடியாது. பக்கத்தில் நின்று பல வருடங்கள் பார்த்துத்தான் பெறவேண்டும்.

கல்லில் எழுதிய அளவு

அளவை மட்டும் பாதுகாத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. முதலாம் இராசராசன் காலத்து (985-1014) கல்வெட்டுகள் அக்கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. அரசனும், தமக்கை குந்தவையும், அரசியரும், அதிகாரிகளும் கொடுத்தவை அவை. ஒவ்வொன்றுக்கும் பாதத்திலிருந்து உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடம் எப்படிப்பட்டது, உள்ளே கனமா பொள்ளலா என்றெல்லாம் கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்து பொறித்திருக்கிறார்கள். இன்றைய நூதனசாலைப் பதிவேடுகள் சிலவற்றில்கூட இவ்வளவு விபரம் இராது.

ஆனால் அத்திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. கல்லில் அளவு இருக்கிறது. அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கெட்டிக்கார ஸ்தபதி இன்னொரு திருமேனியைச் செய்யலாம். அது அவருடைய திருமேனியாக இருக்கும். ஆயிரம் வருடங்களுக்கு முன் அந்த மெழுகைப் பிடித்த விரல் எங்கே அழுத்தியது, எங்கே விட்டுக்கொடுத்தது என்று கல்வெட்டு சொல்லாது. மற்றொன்றும் அதில் இல்லை. கொடுத்தவர்களின் பெயரும் பட்டமும் விரிவாக உண்டு. வார்த்தவர்களின் பெயர் இல்லை.

மைல் எண்ட் வீதியில் ஒரு பழைய விவாதம்

கையா எந்திரமா என்ற விவாதம் கிழக்கு இலண்டனுக்குப் புதிதல்ல. குட்மேய்ஸிலிருந்து நகரத்துக்குப் போகும் புகையிரதத்தில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் அந்த விவாதம் நடந்த இடத்துக்குப் போய்விடலாம். 1888ல் வைற்சப்பலில், ரொயின்பி ஹோலில், சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் 'கைவினைஞர் சங்கம்' ஒன்றைத் தொடங்கினார். 1891ல் அது மைல் எண்ட் வீதியிலிருந்த எசெக்ஸ் ஹவுஸ் என்ற பழைய மாளிகைக்கு மாறியது. வெள்ளிக் கிண்ணங்களும் செம்புத் தட்டுகளும் அங்கே கையால் அடிக்கப்பட்டன. சுத்தியல் பட்ட தழும்பை அவர்கள் தேய்த்து மறைக்கவில்லை. இதை ஒரு மனிதன் செய்தான் என்பதற்கு அது அத்தாட்சி.

சந்தை அந்தத் தழும்பையும் விட்டுவைக்கவில்லை. இலண்டன் லிபர்ட்டி கடைக்காகப் பேர்மிங்காமில் எந்திர அச்சில் அடித்த வெள்ளிப் பொருட்களிலும் சுத்தியல் தழும்புகள் தோன்றின. பார்ப்பதற்குக் கைவேலை, விலையோ மலிவு. ஆஷ்பியின் சங்கம் 1902ல் தொழிலாளர் குடும்பங்களோடு குளொஸ்ரர்ஷயரின் சிப்பிங் கம்டன் கிராமத்துக்கு இடம்பெயர்ந்தது. 1908ல் கலைக்கப்பட்டது. எந்திரத்தை எதிர்த்த ஆஷ்பியே பின்னர் நவீன நாகரிகம் எந்திரத்தின்மேல் நிற்கிறது என்பதை ஒப்புக்கொண்டு எழுதினார்.

அந்தச் சங்கத்தோடு எங்கள் வரலாறும் ஓரிடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. 1877ல் கொழும்பில், சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாயாருக்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, முதலில் புவியியல் விஞ்ஞானி. இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத்துறைக்குத் தலைமை வகித்தவர். கல்லையும் கனிப்பொருளையும் தேடிப் போன இடங்களில் கண்டிச் சீமைக் கைவினைஞர்களைக் கண்டார். 1907ல் கம்டனுக்கு அருகிலேயே குடியேறி, ஆஷ்பியின் அச்சகத்தில் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்ற பெருநூலை 1908ல் அச்சிட்டு முடித்தார். 425 பிரதிகள் மட்டும். அடுத்த வருடம் வெளிவந்த 'இந்தியக் கைவினைஞன்' என்ற அவருடைய நூலுக்கு ஆஷ்பி முன்னுரை எழுதினார். 1914ல் கொழும்பு நூதனசாலையின் வெண்கலச் சிற்பங்கள் பற்றிய நூலும் அவருடையதே. பொலனறுவையில் கிடைத்த நடராசரும் நாயன்மார்களும் உலகின் கண்ணுக்குத் தெரியவந்ததில் அந்நூலுக்கு ஒரு பங்குண்டு.

குமாரசுவாமிக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் அவர் பார்க்க விரும்பாத ஒன்றும் உண்டு. பரம்பரையாகத் தொழில் செய்பவனின் நிறைவை அவர் போற்றினார். அந்தப் பரம்பரை ஒரு வேலியாகவும் இருந்தது என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லவில்லை. தட்டார், கன்னார், கொல்லர், தச்சர், சிற்பர் என்ற கம்மாளர் ஐவகையினரின் அறிவு பிறப்பால் பூட்டப்பட்டிருந்தது. வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வருவது அரிது. உள்ளே இருந்தவருக்கு வெளியே மரியாதையும் அரிது. விக்கிரகத்தின் கண்ணைத் திறப்பவர் ஸ்தபதி. பிரதிஷ்டை முடிந்த கணத்திலிருந்து அவர் செய்த உருவத்தைத் தொடும் உரிமை அவருக்கு இல்லை. 'கையின் மகத்துவம்' பேசும்போது அந்தக் கையை எங்கே நிறுத்தினோம் என்பதையும் பேசவேண்டும்.

தமிழ்நாட்டில் அந்த வேலியின் ஒரு பக்கம் பின்னர் திறந்தது. 1957ல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பக் கல்லூரியில் உலோகச் சிற்பமும் ஒரு பாடமானது. தந்தையிடம் மட்டும் கற்கக்கூடியது என்றிருந்ததை ஆசிரியரிடமும் கற்கலாம் என்றாயிற்று. கணனிக்கு முன்பே நடந்த இந்த மாற்றம் கணனியைவிடக் குறைவானதல்ல.

திரையில் ஒரு வளைகோடு

கணனியில் உருவம் வரைவதும் உலோகத் தொழிலின் வயிற்றிலிருந்தே பிறந்தது. 1963ல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் ஐவன் சதர்லண்ட், ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு வரையும் 'ஸ்கெச்பாட்' என்ற செயல்முறையை உருவாக்கினார். அதே காலத்தில் பிரான்சின் கார்த் தொழிற்சாலைகளுக்கு வேறொரு தலையிடி. காரின் உடலைக் கலைஞர்கள் களிமண் போன்ற பொருளில் கையால் செய்வார்கள். அந்த வளைவைத் தகட்டில் அடிக்கும் அச்சுக்கு மாற்றும்போது படத்துக்கும் மாதிரிக்கும் அச்சுக்கும் இடையில் வேறுபாடு வந்துவிடும். வளைவையே கணிதமாக எழுதிவிட்டால் வேறுபாடு வராது என்று சித்ரோன் கொம்பனியில் போல் து காஸ்தெல்ஜோவும் ரெனோவில் பியர் பெசியேயும் தனித்தனியே வழி கண்டார்கள். இன்று எந்த வரைகலைச் செயல்முறையைத் திறந்தாலும் காணும் 'பெசியே வளைவு' அங்கிருந்து வந்தது. கையால் பிசைந்த வளைவை வேறுபாடின்றிக் கடத்துவதற்காகப் பிறந்த கணிதம் அது. ஓலை மடிப்பின் வேலையும் அதுதான்.

இவையெல்லாம் அப்போது பெருந்தொழிற்சாலைகளின் சொத்து. 1982ல் 'ஓட்டோகாட்' வந்தபின் மேசைக் கணனியில் வரையமுடிந்தது. 1984ல் சக் ஹல் என்ற அமெரிக்கர் திரவப் பிசினை ஒளியால் படை படையாக இறுக்கி உருவம் எழுப்பும் முறைக்குக் காப்புரிமை கோரினார். சில வருடங்களில் ஸ்கொட் கிரம்ப், உருகிய பிளாஸ்ரிக் இழையைப் படை படையாக அடுக்கும் முறையைக் கண்டார். 2005ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர், அத்தகைய அச்சுப்பொறியின் வரைபடங்களை எவரும் எடுத்துத் தாமே செய்துகொள்ளலாம் என்ற 'ரெப்ராப்' திட்டத்தை ஆரம்பித்தார். 2009ல் கிரம்பின் அடிப்படைக் காப்புரிமை காலாவதியானது. அதன்பின் விலை சரிந்து, அச்சுப்பொறி வீட்டுக்குள் வந்தது. சிற்பம் வரையக்கூடிய 'பிளெண்டர்' செயல்முறை 2002 முதல் இலவசமாகத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. திரையில் களிமண்ணைப் பிசைவது போல உருவத்தை அழுத்தலாம், இழுக்கலாம், செதுக்கலாம்.

கொட்டிலுக்குள்

குட்மேய்ஸ் 1901ல் திறந்த புகையிரத நிலையத்தோடு வளர்ந்த ஊர். அதற்கு முன் எசெக்ஸின் பண்ணை நிலம். ஸ்கொட்லாந்துக்காரரான ஆர்ச்சிபால்ட் கமரன் கோர்பெட் இல்போர்ட்டைச் சூழ்ந்த பண்ணைகளை வாங்கி, நகரத்துக்கு வேலைக்குப் போவோருக்காக வரிசை வரிசையாக வீடுகள் கட்டினார். தெற்கே டகன்ஹாமில் 1931ல் திறந்த போர்ட் மோட்டார் தொழிற்சாலையில் சொந்த ஊதுலையும் வார்ப்பாலையும் இருந்தன. கார் பொருத்தும் வேலை 2002ல் அங்கே நின்றது. உலோகம் உருக்குவது இந்த மண்ணுக்கும் அந்நியமான தொழிலல்ல என்று சொல்வதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இப்படியான ஒரு கொட்டிலில் வேலை எப்படி நடக்கும்? முதலில் திரையில் உருவம். வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு சுருங்கும். அதற்கேற்பக் கணனியில் உருவத்தைச் சற்றுப் பெருப்பிக்கவேண்டும். இரண்டாவது, அச்சுப்பொறி அந்த உருவத்தைப் பிளாஸ்ரிக்கிலோ, எரிந்துபோகக்கூடிய பிசினிலோ, மெழுகிலோ எழுப்பித் தரும். கணனி தன் வேலையை முடித்துக்கொள்வது இந்த இடத்தில். இதன்பின் உள்ளவை அனைத்தும் சுவாமிமலையில் நடப்பவையே.

உலோகம் இறங்கும் வழியையும் காற்று வெளியேறும் வழியையும் மெழுகுத் தண்டுகளால் ஒட்டவேண்டும். கணனியிலேயே அவற்றை வரையலாம், ஆனால் எங்கே வைப்பது என்று முடிவுசெய்வது வரைபவரின் அனுபவம். வண்டல் மண்ணுக்குப் பதிலாகச் சுண்ணச்சாந்தும் சிலிக்காவும் கலந்த மாவைக் கரைத்து உருவத்தைச் சுற்றி ஊற்றுவார்கள். அது இறுகியபின் சூளையில் பல மணித்தியாலம் வைத்து மெல்ல மெல்ல 700 பாகை செல்சியஸ் வரை ஏற்றினால் உள்ளே இருந்த உரு எரிந்து வெற்றிடம் மிஞ்சும். மெழுகு உருகி வழிந்துவிடும். பிளாஸ்ரிக் அப்படிப் போகாது, சாம்பல் மிஞ்சாமல் எரியவேண்டும். அவசரப்பட்டால் அச்சு வெடிக்கும். பொறுமையில்லாவிட்டால் சாம்பல் தங்கிய இடத்தில் உலோகத்தில் பள்ளம் விழும்.

பின்னர் நெருப்பு. தூய செம்பு உருக 1085 பாகை வேண்டும். பத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் ஏறத்தாழ 1000 பாகையில் முழுதாக உருகிவிடும். பித்தளையானால் அதிலுள்ள நாகம் 907 பாகையிலேயே கொதித்து வெண்புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். அடைத்த கொட்டிலில் அதை உருக்கக்கூடாது. அச்சில் ஈரம் சிறிதளவு இருந்தாலும் அது ஒரு கணத்தில் நீராவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் எறியும். இந்த விதி காவிரிக்கரைக்கும் குட்மேய்ஸுக்கும் ஒன்றே. எந்தச் செயல்முறையிலும் இதைத் தட்டி ஏமாற்ற முடியாது.

ஆறியபின் அச்சை உடைத்து, தண்டுகளை அறுத்து, அரத்தாலும் உளியாலும் துலக்கவேண்டும். அச்சுப்பொறி அடுக்கிய படைகளின் வரிகள் வெண்கலத்திலும் அப்படியே விழுந்திருக்கும். அவற்றைத் தேய்த்து நீக்குவது கைதான். எந்திரத்தின் தழும்பைக் கை மறைக்கிறது. லிபர்ட்டிக் கடை வெள்ளியில் கையின் தழும்பை எந்திரம் போலிசெய்ததன் தலைகீழ் இது.

ஆகவே கணனி எடுத்துக்கொண்டது ஓலையின் வேலையையும் மெழுகு பிசையும் வேலையின் பெரும்பகுதியையும். அந்தப் பெரும்பகுதியிலும் ஒரு நட்டம் இருக்கிறது. திரையில் உருவத்துக்குப் பாரம் இல்லை. ஒற்றைக் காலில் ஆடும் நடராசனை மெழுகில் செய்பவருக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று கை சொல்லும். திரையில் எதுவும் விழாது. பாதி முகத்தை வரைந்தால் மறுபாதியைக் கண்ணாடி போலக் கணனி தந்துவிடும். அப்படிச் செய்த முகம் எங்கும் பிழையில்லாமல் இருந்தும் உயிரற்றுத் தோன்றும். சோழர் காலத் திருமேனி இடுப்பிலும் தோளிலும் தலையிலும் மூன்றாக வளைந்து நிற்பதன் அழகு, இரு பக்கமும் சமமாக இல்லாததில் இருக்கிறது. கணனியைப் பிடிப்பவர் இதை எங்காவது கற்றிருக்கவேண்டும். நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மணிக்கணக்கில் நின்றாவது கற்றிருக்கவேண்டும்.

கையின் சாட்சியம்

கை என்று நாம் சொல்வது வெறும் அழகுணர்ச்சி சார்ந்த ஒன்றல்ல, நீதிமன்றத்திலும் நிற்கக்கூடியது என்று காட்டிய வழக்கு இந்த நகரத்திலேயே நடந்தது. 1976ல் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண்ணை வெட்டும்போது செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அதிலிருந்த நடராசர் கைமாறிக் கைமாறி இலண்டன் வந்தார். 1982ல் ஒரு கனேடியக் கொம்பனி 250,000 பவுணுக்கு அதை வாங்கி, பழுதுபார்க்கப் பிரித்தானிய நூதனசாலையிடம் கொடுத்திருந்தபோது பொலிஸார் கைப்பற்றினர். இதே நடராசர்தானா அங்கே புதைந்திருந்தவர் என்பது வழக்கின் மையம். ஒட்டியிருந்த மண், கறையான் தடம், அங்கே கிடைத்த மற்றத் திருமேனிகளோடு வேலைப்பாட்டின் ஒற்றுமை என்று நிபுணர்கள் வாதாடினர். 1988ல் உயர்நீதிமன்றமும் 1991ல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இடிந்துபோன அந்தக் கோயிலே தன் பிரதிநிதி மூலம் உரிமை கோரலாம் என்று ஏற்றன. நடராசர் 1991ல் திரும்பினார்.

1996ல் இலண்டன் பல்கலைக்கழகத் தொல்லியல் நிறுவகத்தில் சாரதா சிறீனிவாசன் முடித்த ஆய்வு இன்னொரு சாட்சியைக் கொண்டுவந்தது. தென்னிந்தியத் திருமேனிகளிலிருந்து எடுத்த துகள்களில் ஈயத்தின் ஓரிடத்தான்களை அளந்து, உலோகமே தன் காலத்தையும் தோற்றுவாயையும் சொல்லும் என்று அவர் காட்டினார். 2020 செப்ரெம்பரில், ஆனந்தமங்கலம் கோயிலிலிருந்து 1978ல் திருடப்பட்ட இராமர், சீதை, இலக்குமணர் திருமேனிகள் இலண்டனில் கையளிக்கப்பட்டபோது அடையாளம் காட்டியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவகம் 1958ல் எடுத்துவைத்த புகைப்படங்கள்.

ஈழத்திலோ எமக்கு வேறு விதமான அனுபவம். 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தபின் மண்ணுக்குள் மறைந்திருந்த திருமேனிகள், 1950ல் திருகோணமலையில் கிணறு வெட்டும்போது வெளிவந்தன. முந்நூறு வருடங்களுக்கு மேல் மண் அவற்றைக் காத்தது. 1981ல் யாழ்ப்பாண நூலகத்தில் எரிந்த சுவடிகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் கணனிக் கோப்பை நாம் எடைபோடவேண்டும். கோப்பு எரியாது, ஒரே நாளில் ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் கொழும்புக்கும் போகும், அதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம். அகதிகளுக்கு இது சிறிய விடயமல்ல. ஊர்க் கோயில்களில் எஞ்சியிருக்கும் திருமேனிகளை முப்பரிமாணமாகப் பதிந்து பல நாடுகளில் வைத்திருப்பது, ஆனந்தமங்கலத்துப் புகைப்படம் செய்த வேலையை இன்னும் உறுதியாகச் செய்யும். ஆனால் கோப்பை மண்ணில் புதைத்து முந்நூறு வருடம் கழித்து எடுக்கமுடியாது. அதைப் படிக்கும் எந்திரமும் மின்சாரமும் செயல்முறையும் தொடர்ந்து வேண்டும். ஒரு கோப்பிலிருந்து நூறு உருவம் வார்த்தால் எது முதலாவது என்று எந்த நீதிமன்றத்திலும் சொல்லமுடியாது. திருட்டுக்கு அது வசதி. சுவாமிமலைப் பட்டறை ஒன்றின் உருவத்தைக் கேட்காமல் பதிந்து விற்பவருக்கும் அதே வசதி. அந்த உருவத்தைத் தலைமுறைகளாகச் செம்மைப்படுத்தியவருக்கு ஒரு சதமும் போய்ச்சேராது.

ஆயிரம் வருடத்துக்கு முன்னைய கல்வெட்டு அளவை வைத்திருக்கிறது, உருவம் இல்லை. கணனி அளவையும் உருவத்தையும் சேர்த்தே வைத்திருக்கும். நெருப்பை அறிந்த கை இல்லாவிட்டால் அதுவும் கல்வெட்டுத்தான். ஆகவே எம்மவர் இங்கே தேடவேண்டியது அச்சுப்பொறியை அல்ல, அது கடையில் கிடைக்கிறது. நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கக் கற்றவர்களைத் தேடவேண்டும். எங்களில் நகைத் தொழில் தெரிந்த பலர் இந்த நகரத்தில் வேறு வேலை செய்து ஓய்வுபெற்றுவிட்டனர். மூசையைப் பிடித்த அந்தக் கைகளின் பக்கத்தில், கணனி தெரிந்த அடுத்த தலைமுறை, பெண்கள் உட்பட, எந்தச் சாதியில் பிறந்தவராயினும் வந்து நிற்கமுடியுமானால், ஊரில் பூட்டிக் கிடந்த ஒன்று இங்கே திறக்கும். கை உயிரோடு இருக்கும் காலம் மிகக் குறுகியது. கோப்பைச் சேமிப்பது போல அதைச் சேமிக்க முடியாது.

அப்படி ஓர் உருவம் இங்கு வார்க்கப்பட்டால், அதன் வெண்கலத்தில் பெரும்பங்கு இந்த வீடுகளிலிருந்து கழற்றிய பழைய செம்புத் தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். அதனால் குறைவொன்றுமில்லை. செய்தவர்கள் ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. சோழர் காலத்து ஸ்தபதிகளுக்குக் கிடைக்காத உரிமையை எடுத்துக்கொண்டு, மெழுகு எரியும் முன்பே பீடத்தின் அடியில் தங்கள் பெயரையும் வருடத்தையும் குட்மேய்ஸ் என்ற ஊர்ப்பெயரையும் பொறித்துவிடவேண்டும்.